பிரிஞ்சி இலைச் செடி: சேலத்திலும் ஏற்காட்டிலும் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்பவை

கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பிரிஞ்சிச் செடி நிற்கிறது. ஆறு வருடத்துச் செடி. இன்னும் என் தோளுக்குக்கூட எட்டவில்லை. அதே நாளில், அதே கடையில் வாங்கிய இன்னொன்று ஏற்காட்டில் அக்கா வீட்டு வாசலில் ஓட்டுச் சரிவை உரசிக்கொண்டு நிற்கிறது. நடுவில் இருப்பது இருபது கொண்டை ஊசி வளைவுகள்தான். மாடிக்கு வருகிறவர்களும் அக்கா வீட்டுக்குப் போகிறவர்களும் ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

நர்சரியில் "பிரியாணி இலைச் செடி" என்று கேட்டு வாங்கினேன். இது அசல்தானா?

முதலில் செடியைப் பார்க்க வேண்டும். "பிரியாணி இலை" என்ற பெயரில் நம் ஊரில் குறைந்தது ஐந்து செடிகள் விற்கப்படுகின்றன. விற்பவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் அந்தப் பெயரில்தான் வந்து இறங்குகிறது.

ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அடியிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் நீளமாக ஓடினால் அது நம் நாட்டுப் பிரிஞ்சி. இமயமலை அடிவாரமும் வடகிழக்கும்தான் அதன் சொந்த ஊர். சித்த மருத்துவத்தில் இலவங்கப்பத்திரி என்பார்கள். கசக்கினால் பட்டையும் கிராம்பும் கலந்த வாசம் வரும். நடுவில் ஒரே நரம்பு, அதிலிருந்து பக்கவாட்டில் சின்னச் சின்னக் கிளை நரம்புகள், ஓரம் லேசாக நெளிந்திருக்கிறது, கசக்கினால் தைல மரத்தை நினைவூட்டும் வாசம் என்றால் அது சீமைப் பிரிஞ்சி, அதாவது பே லாரல். மத்தியதரைக் கடலோரத்துச் செடி. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இனி குழப்பம் தரும் மற்ற மூன்று. இலவங்கப்பட்டை மரத்தின் இலையிலும் மூன்று நரம்புதான். தளிர் சிவப்பாக வரும். அதையும் நாட்டுப் பிரிஞ்சியையும் நாற்றாக இருக்கும்போது பிரித்துச் சொல்வது எனக்கே கஷ்டம். குருமாவில் போட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது என்பதால் கவலைப்படுவதும் இல்லை. ஆல்ஸ்பைஸ் என்கிற சர்வசுகந்தியில் நடு நரம்பு ஒன்றுதான், அதனால் சீமைப் பிரிஞ்சியோடு குழம்பும். இலை எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள்: சர்வசுகந்தியில் இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கும், சீமைப் பிரிஞ்சியில் ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது கொஞ்சம் மேலே அந்தப் பக்கம் என்று மாறி மாறி வரும். ஐந்தாவது ரம்பை. தாழை மடல் மாதிரி நீளமாகக் கத்தி போல இருக்கும், பாசுமதி அரிசி வாசம் அடிக்கும். அதையும் பிரியாணி இலை என்றுதான் விற்கிறார்கள், ஆனால் அதற்கும் பிரிஞ்சிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சேலம் லீ பஜார் மளிகைச் சந்தையில் மூட்டையில் இருக்கும் காய்ந்த இலை எது?

பெரும்பாலும் மூன்று நரம்புக்காரர்தான். செவ்வாய்ப்பேட்டை பக்கம் போகும்போது ஒன்றை எடுத்துப் பாருங்கள். கட்டை விரலைவிட நீளமான, ஆலிவ் பச்சை நிறத்தில், மூன்று கோடு போட்ட இலை. பே லீஃப் என்று பாட்டிலில் அடைத்து சூப்பர் மார்க்கெட்டில் இருப்பது சில சமயம் சீமை இலையாக இருக்கும். சில சமயம் அதுவும் இதுவேதான்.

அப்படியானால் பிரியாணிக்கு எதை வளர்ப்பது?

மூன்று நரம்பை. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது, ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே சீமைச் செடியை நல்ல விலை கொடுத்து வாங்கியிருப்பார்கள். குஸ்காவிலும் பிரிஞ்சி சாதத்திலும் நம் நாக்குப் பழகிய வாசம் பட்டை, கிராம்பின் பக்கம் சாய்ந்தது. சீமை இலை போட்டால் கெட்டுப் போகாது, ஆனால் வேறு வீட்டுச் சமையல் மாதிரி இருக்கும். அதற்கு சூப்பும், பால் சேர்த்த வெள்ளைக் குழம்பு வகைகளும், உருளைக்கிழங்கு வேகவைக்கும் தண்ணீரும் பொருத்தம். நான் சீமைச் செடி வைத்திருப்பது அழகுக்காகவும் பிடிவாதத்துக்காகவும்தான்.

சேலம் வெயிலில் சீமைப் பிரிஞ்சி தாங்குமா?

தாங்கும். ஆனால் நாம் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. மத்தியதரைப் பகுதியிலும் கோடை காய்ந்துதான் கிடக்கும். வெயில் அதற்குப் புதிதல்ல. அங்கே வேர் குளிர்ந்த மண்ணுக்குள் ஆழமாக இருக்கிறது. நாம் அதைப் பிடுங்கி கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, சிமென்ட் தளத்தின்மேல் வைத்து, மே மாத மதியத்தில் நிறுத்துகிறோம். இலை கருகுகிறது என்று வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு உண்மையில் வெந்திருப்பது வேர். கத்திரி வெயிலில் மதியம் மூன்று மணிக்குத் தொட்டியின் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள், புரியும்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டரில். வித்தியாசம் அங்கேயே இருக்கிறது. கீழே இருப்பவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: காலை வெயில் பத்து, பத்தரை மணிவரை படுகிற கிழக்குப் பக்கம், அதற்குமேல் சுவர் நிழலோ பாதி மறைக்கும் பச்சை வலையோ, பிளாஸ்டிக்குக்குப் பதில் மண் தொட்டி, தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல். கோடையில் தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுவேன். மாடியில் இடமில்லை, மேற்குப் பக்க பால்கனிதான் என்றால் இந்தச் செடி வேண்டாம், கற்பூரவல்லி வையுங்கள்.

தண்ணீர் எவ்வளவு விட வேண்டும்?

எவ்வளவு என்பதைவிட எந்தத் தண்ணீர் என்பதுதான் சேலத்தில் கேள்வி. என் முதல் செடி செத்தது இதனால்தான்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. துவைத்தால் நுரை வராது, பக்கெட்டில் வெள்ளைப் படிவு நிற்கும். அதையேதான் எட்டு மாதம் ஊற்றினேன். முதலில் இலை நுனி பழுப்பானது. வெயில் என்று நினைத்து நிழலுக்கு மாற்றினேன். பிறகு புதுத் தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. உரம் போதவில்லை என்று நினைத்து உரம் போட்டேன். ஏற்கெனவே உப்பு நிறைந்த மண்ணில் இன்னும் கொஞ்சம் உப்பைச் சேர்த்தேன் என்பதுதான் அதன் பொருள். தொட்டி ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்ததை, செடி போன பிறகுதான் கவனித்தேன். கடினத் தண்ணீர் மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அதுதான் அந்த வெளிறல்.

இப்போது மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் நாள்களில் ஒரு டிரம் பிடித்து வைக்கிறேன். மழைநீர் அதைவிட நல்லது. 2003-இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கிய மழைநீர்க் குழாய் பல வீடுகளில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு டிரம்முக்குத் திருப்பிவிட்டால் போதும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, அதையும் விடலாம். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். சிக்கனம் என்று நினைத்துப் பலர் செய்கிறார்கள். அதில் இருப்பது வடித்து ஒதுக்கிய உப்புதான். போர் தண்ணீர் தவிர வழியில்லை என்றால், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தொட்டி நிறைய ஊற்றி அடித் துளை வழியாக ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள்.

அளவைக் கேட்டால்: விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கோடையில் தினமும் தேவைப்படும், ஐப்பசியில் வாரக்கணக்கில் தேவைப்படாது. அடித்தட்டில் தண்ணீர் தேங்கவே கூடாது.

என்ன மண்? எவ்வளவு பெரிய தொட்டி?

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. தென்னை நார்க்கழிவைக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். சில கடைகளில் அதை மட்டுமே அடைத்துக் கொடுக்கிறார்கள், அது இந்தச் செடிக்கு ஆகாது, அடியில் நசநசவென்று நிற்கும். தொட்டி முதலில் எட்டு அங்குலம், வேர் நிறைந்ததும் பன்னிரண்டு, பிறகு பதினான்கு. சின்னச் செடியை எடுத்த எடுப்பில் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் போகாத மண்ணெல்லாம் ஈரமாகவே கிடந்து அழுகலுக்கு வழி வைக்கும். மாற்றி நட ஆடிக் காற்று அடங்கி மழை பிடிக்கும் சமயம் நல்லது.

ஏற்காட்டில் நேரடியாக நிலத்தில் வைக்கலாமா?

தாராளமாக. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியையும் சீமைப் பழ மரங்களையும் கொண்டுபோய் வைத்துப் பார்த்த மலை அது. வெளியூர்ச் செடிக்கு இடம் கொடுப்பது அந்த மண்ணுக்குப் பழக்கம்தான். இன்னொன்றும் இருக்கிறது. அங்கே வீட்டுக்கு வீடு காய்க்கும் பட்டர் ஃப்ரூட்டும் சீமைப் பிரிஞ்சியும் ஒரே குடும்பம். இலவங்கப்பட்டையும் கற்பூர மரமும் அதே குடும்பம்தான். பட்டர் ஃப்ரூட் நன்றாக வந்த இடத்தில் பிரிஞ்சியும் வரும். பட்டர் ஃப்ரூட் வேர் அழுகிப் போன இடத்தில் இதுவும் போகும்.

ஆகவே இடம்தான் முக்கியம். சரிவாக இருக்க வேண்டும். தண்ணீர் வந்து நிற்கிற பள்ளத்தில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய மூலையில் வைக்காதீர்கள். ஒன்றரை அடிக் குழி போதும், தோண்டிய மண்ணோடு தொழு உரம் கலந்து சின்ன மேடாக நிரப்பி அதன்மேல் நடுங்கள். கீழே நிழல் தேடியது போல மேலே தேட வேண்டாம். சில்வர் ஓக் வரிசைக்கு அடியில் காப்பி மாதிரி வைத்தார் அக்கா. இலை பெரிதாக வந்தது, வாசம் குறைவாக இருந்தது. வாசலில் வெயில் படும் இடத்துக்கு மாற்றிய பிறகுதான் கசக்கினால் மூக்கு ஏறியது. வேர் பெயர்த்து மாற்றியதில் ஒரு வருட வளர்ச்சி போனது என்று இன்னும் என்னைத்தான் குறை சொல்கிறார், நான்தான் முதலில் நிழலில் வைக்கச் சொன்னேனாம்.

மழையும் பனிமூட்டமும் தொடர்ந்து இருக்கும் மாதங்களில் இலையில் பழுப்புப் புள்ளி வரும். அந்த இலைகளைப் பறித்து அப்புறப்படுத்தி, உள் கிளைகளைக் கொஞ்சம் நீக்கிக் காற்றோட்டம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

விதையிலிருந்து வளர்க்கலாமா? ஆன்லைனில் விதை கிடைக்கிறதே?

பணத்தை வேறு எதற்காவது செலவழியுங்கள். சீமைப் பிரிஞ்சி விதை காய்ந்தால் முளைப்புத்திறன் வேகமாகப் போய்விடும். பாக்கெட்டில் வருவது நன்றாகக் காய்ந்துதான் வருகிறது. பழத்திலிருந்து எடுத்துச் சதையைக் கழுவி உடனே போட்ட புது விதைகூட முளைக்க மாதக்கணக்கில் ஆகும், ஆறு மாதம்வரை போகலாம்.

தண்டு வெட்டி வைப்பதும் பொறுமைக்காரர்களுக்கான வேலை. இந்த வருடம் வந்து பாதி முற்றிய கிளையில் ஒரு சாண் நீளம் வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, வேர் ஊக்கி தொட்டு, மணலும் நார்க்கழிவும் கலந்ததில் நட்டு, மேலே பிளாஸ்டிக் உறை மூடி நிழலில் வைக்க வேண்டும். பத்து வைத்தால் ஒன்றோ இரண்டோ பிடிக்கும். எனக்குக் கைகொடுத்தது விண்பதியம்தான்: மாதுளைக்கும் கொய்யாவுக்கும் செய்வது போலப் பட்டையை ஒரு அங்குலம் வளையமாகச் சீவி, ஈரப்பாசி வைத்துக் கட்டி, வேர் தெரிந்ததும் வெட்டி நடுவது. மழைக்காலத் தொடக்கத்தில் கட்டினால் நல்லது. நாள் எண்ணாதீர்கள், கட்டியதை மறந்துவிடுங்கள்.

மளிகைக் கடையில் வாங்கிய காய்ந்த இலையை நட்டால்?

மக்கி உரமாகும்.

ஆண் செடி, பெண் செடி என்று இருக்கிறதாமே? இரண்டும் வேண்டுமா?

சீமைப் பிரிஞ்சியில் ஆண், பெண் தனித்தனி மரங்கள்தான். இரண்டும் அருகில் இருந்தால் பெண் மரத்தில் கறுப்பாகச் சின்னப் பழம் வரும், உள்ளே ஒற்றை விதை. நமக்கு வேண்டியது இலை. எது கிடைத்தாலும் சரி.

வருடத்துக்கு ஒரு ஜாண்கூட வளரவில்லை. உரம் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம். இது இயல்பிலேயே மெதுவான செடி, தொட்டியில் இன்னும் மெதுவு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம், மழைக்காலம் தொடங்கும்போது கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு, அவ்வளவுதான். உச்சிக் கோடையில் எதுவும் போடாதீர்கள். யூரியா தூவி வேகமாக வளர்த்தால் இலை மெலிதாகவும் வாசமில்லாமலும் வரும், அதற்கு மாவுப்பூச்சியும் தேடி வரும்.

இலைமேல் கறுப்புப் புகை மாதிரி படிகிறது, எறும்பும் ஏறுகிறது. என்ன நோய்?

கறுப்பைத் துடைத்து நேரத்தை வீணாக்காதீர்கள், எறும்பு எங்கே போகிறது என்று பாருங்கள். இலையின் அடியில், நடு நரம்பை ஒட்டி, பழுப்பாகச் செதில் போல ஒட்டிக்கொண்டிருக்கும். சாறு உறிஞ்சும் செதில் பூச்சி. அல்லது கணுக்களில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி. அவை கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு வருகிறது. அதே திரவத்தின்மேல் பூசணம் வளர்ந்து கறுக்கிறது.

கொஞ்சமாக இருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். அதிகமானால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு; நன்றாகக் குலுக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். வெயிலில் தெளித்தால் எண்ணெய் இலையைக் கருக்கும். தெளித்த பிறகு இரண்டு வாரமாவது சமையலுக்குப் பறிக்காதீர்கள், பறித்தாலும் கழுவாமல் போடாதீர்கள்.

எப்போதிலிருந்து பறிக்கலாம்? பச்சையாகவே போடலாமா?

இரண்டு வருடமாவது செடியை விட்டுவிடுங்கள். அதன் பிறகு கீழே இருக்கும் முற்றிய கரும்பச்சை இலையை எடுங்கள். தளிரில் வாசம் இல்லை, பறித்தால் வளர்ச்சிதான் போகும். ஒரே நேரத்தில் மொட்டையடிக்காமல் கிளைக்கு இரண்டு மூன்று என்று எடுங்கள்.

சீமை இலையைப் பச்சையாகப் போட்டால் கொஞ்சம் கசக்கும். காலையில் பறித்து, துடைத்து, காற்றோட்டமான நிழலில் முறத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலே இன்னொரு முறம் கவிழ்த்து வையுங்கள், இல்லாவிட்டால் சுருண்டுகொள்ளும். பத்து நாளில் மடக்கினால் முறியும். வெயிலில் காயவைக்காதீர்கள், நிறமும் போகும், வாசமும் போகும். மூடி இறுக்கமான டப்பாவில் ஒரு வருடம் தாராளமாக இருக்கும். இரண்டு வருடத்து இலையை டப்பாவில் வைத்து முகர்ந்து பார்த்து "நம் வீட்டு இலை" என்று பெருமைப்படலாம், குருமாவுக்கு உதவாது.

பரிமாறும்முன் இலையை எடுத்துவிடுங்கள். எவ்வளவு வெந்தாலும் விறைப்பாகவே இருக்கும், குழந்தைகளின் தொண்டையில் மாட்டும்.

வீட்டில் நாய், பூனை இருக்கிறது. ஆபத்தா?

சீமைப் பிரிஞ்சி இலையை நிறையத் தின்றால் நாய்க்கும் பூனைக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். உதிர்ந்த இலைகளைப் பெருக்கிவிடுங்கள்.

இதைவிட நான் பயப்படுவது அரளிக்குத்தான். சேலத்தைச் சுற்றி அரளித் தோட்டங்கள் நிறைய. வீட்டு வாசலிலும் இருக்கும். பூ இல்லாத நேரத்தில் அரளி இலை ஒற்றை நடு நரம்போடு, தடிப்பாக, நீளமாக இருக்கும். தெரியாதவர் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் படும். அரளி கொடிய விஷம். அதனால் பிரிஞ்சியையும் அரளியையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். "மாடியில் போய் நாலு இலை பறித்து வா" என்று சின்னப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். கசக்கினால் வாசம் வராத இலையை எந்தக் காரணத்துக்காகவும் அடுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது.

இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சர்க்கரை குறையுமாமே? எரித்தால் பணம் வருமாமே?

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரையைத் தொடருங்கள், டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். இரண்டாவது கேள்விக்கு: எரித்தேன், புகை வந்தது.

செடி ஒல்லியாக மேலே போகிறது. நுனியைக் கிள்ளலாமா?

கட்டாயம் கிள்ளுங்கள். ஒரு முழம் வந்ததும் நடு நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும். பிறகு ஒவ்வொரு கிளையும் ஐந்தாறு இலை விட்டதும் அதன் நுனியையும் எடுங்கள். மேல்நாடுகளில் இதைப் பந்து மாதிரியும் கூம்பு மாதிரியும் கத்தரித்து வாசலில் நிறுத்துவார்கள். அவ்வளவு வெட்டையும் பொறுத்துக்கொள்ளும் செடிதான். நம் வெயிலில் கோடைக்கு முன்னால் பெரிய வெட்டு வேண்டாம், உள்ளே ஒளிந்திருந்த இலைகள் திடீரென்று வெயில் பட்டுக் கருகும். புரட்டாசி, ஐப்பசியில் செய்யுங்கள். போன ஐப்பசியில் நான் வெட்டிய கிளைகளை அக்கா கீழே வந்தபோது ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். ஓட்டைத் தொடும் மரம் வைத்திருப்பவர், இதற்கு வாசம் அதிகம் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.